முதல் கட்டத்தில் விழுந்த சுழி

ஒன்று. ஒரேயொரு வாக்கு. ஆட்லிக்கு ஆயிரத்துப் பதினான்கு, என் மகள் ஆரணிக்கு ஆயிரத்துப் பதின்மூன்று. கவுன்சிலின் தேர்தல் அதிகாரி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய உயரமான பெண்மணி, வேட்பாளர்களை மட்டும் அருகில் கூப்பிட்டுத் தணிந்த குரலில்தான் சொன்னார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்த எனக்கும் கேட்டுவிட்டது, எழுபத்தொரு வயதில் என்னிடம் ஒழுங்காக மிஞ்சியிருப்பது காது ஒன்றுதான். ஆரணி உடனே மறுபடி எண்ணச் சொன்னாள். எண்ணுகிறார்கள். மணி பதினொன்றேகால். பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும் என்று பொலின் வந்து சொல்லிவிட்டுப் போனார். பொலின் ஆரணியின் தேர்தல் முகவர், இந்த மூன்று மாதமும் அவளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர், இப்போது முகத்தில் இரத்தமே இல்லை. "மிஸ்டர் தில்லை, தண்ணீர் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டார். தில்லையம்பலம் என்று முழுதாகச் சொல்ல நாக்கு வளையாது, பாதி போதும் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். வேண்டாம் என்றேன். தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து போகவேண்டி வரும், போவதானால் அந்தச் சின்ன மேசையைக் கடந்து போகவேண்டும், மேசையில் ஒரு நீல உறை இருக்கிறது, உறைக்குள் செல்லாது என்று தள்ளிவைத்த ஒன்பது சீட்டுகள் இருக்கின்றன. ஒன்பதில் ஒன்று என்னுடையது. இந்த மண்டபத்தில் இருக்கிற எண்பது பேரில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பூப்பந்து விளையாடுகிற மண்டபம் இது. தரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள், கோடுகளின் மேல் நீள மேசைகள், மேசைகளுக்குப் பின்னால் கவுன்சில் கந்தோரில் வேலை செய்கிறவர்கள். பக்கத்தில் நீச்சல் குளம். குளோரின் வாசம் சுவரைத் தாண்டி வருகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சலும் கூடவே வருகிறது. எனக்கு நேரே இருக்கிற பெண்பிள்ளை விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு எண்ணுகிறாள், எண்ணும்போது உதடு அசைகிறது, இருபத்தைந்து சேர்ந்ததும் ஒரு ரப்பர் வளையம் போடுகிறாள். அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு ஒன்றும் நினைக்கத் தேவையில்லை என்று பார்த்தேன். பதினேழு, பதினெட்டு வரை சரியாக இருக்கிறது, அதற்குப் பிறகு மனம் கழன்று போய் நீல உறைக்குள் விழுந்துவிடுகிறது. முதல் தடவை அதைக் கண்டது பத்தே முக்காலுக்கு. சந்தேகமான சீட்டுகளை அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து முகவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஆரணி அந்தக் கோடியில் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மேசையருகே பொலின்தான் நின்றார். ஒரு சீட்டில் எவனோ சிரித்த முகம் கீறியிருந்தான். ஒன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் நாலு பேருக்கும் புள்ளடி, பெருக்கல் மாதிரி அந்தக் குறுக்குக் கோடு, யார் மனதையும் நோகடிக்க விரும்பாத மனிதர் போலும், எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறாவதாக ஒன்றைத் தூக்கினார். கீழே கடைசிக் கட்டத்தில், ஆரணி தில்லையம்பலம் என்ற பெயருக்கு நேரே, அழுத்தமான புள்ளடி. மேலே முதல் கட்டத்தில், ஆட்லியின் பெயருக்கு நேரே, ஒரு உ, உவுக்குக் கீழே இரண்டு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. கடைத்தெருவில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவன் எதிரே வந்தது போல இருந்தது. சிரிப்பு வாயிலேயே காய்ந்துவிட்டது.

"இரண்டு பேருக்கு அடையாளம் இட்டிருக்கிறார்" என்றார் அதிகாரி. "மேலே இருப்பது வாக்கு மாதிரித் தெரியவில்லையே, பென்சில் எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருப்பார்கள்" என்றார் பொலின். "இருக்கலாம். ஆனால் கட்டத்துக்குள் இருக்கிறது." அவ்வளவுதான் பேச்சு. நிராகரிக்கப்பட்டது என்று முத்திரை விழுந்தது. அப்போது அதற்காகப் பெரிதாகச் சண்டை பிடிக்க எவருக்கும் தோன்றவில்லை, ஒரு வாக்கில்தான் எல்லாம் தொங்கப்போகிறது என்று எவருக்குத் தெரியும்? கிறுக்கல் என்கிறார். பிள்ளையார் சுழி அம்மா அது, கிறுக்கல் இல்லை. எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் மற்றது, தொடங்கின காரியம் தடங்கலில்லாமல் நடக்கவேண்டும் என்பதற்காக. இருபத்திரண்டு வருடம் இந்த ஊர்த் தெருக்களில் பஸ் ஓட்டினேன். விடிய நாலரைக்கு டிப்போவில் ரயர், பிறேக், விளக்கு எல்லாம் பார்த்து ஒரு அட்டை நிரப்பவேண்டும், அட்டையின் தலையில் சுழி போடாமல் ஒருநாளும் நான் வண்டி எடுத்ததில்லை. மெக்கானிக் ஒருவன் "இது என்ன, தினமும் ஒரு நத்தை வரைகிறாய்?" என்று கேட்டான். பிறகு பழகிவிட்டான், நான் லீவில் நின்ற நாளில் நத்தை இல்லாத அட்டையைப் பார்த்துத் தேடியிருக்கிறான். சந்தைக்குப் போகும் துண்டில் சுழி, வருமானவரிக் கடிதத்தில் சுழி, என் மனைவி புனிதத்துக்கு வாதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் நீட்டிய சம்மதப் பத்திரத்தில் சுழி. ஆரணியின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அனுமதிக் கடிதங்களிலும் போட்டுத்தான் கையெழுத்து வைப்பேன். பதினொரு வயதில் ஒருநாள் அவள் படியில் இருந்து அழிறப்பரால் அதை மட்டும் அழித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அடுத்த தடவை பேனையால் போட்டேன். அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

பிடிவாதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், சுழி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே மாதிரிச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். "அப்பா, ஒருக்கா இதைப் பாருங்கோ. ஊர்ச் சீட்டு மாதிரி இல்லை, பெட்டி எல்லாம் நெருக்கமா இருக்கும்" என்றாள். "எனக்குப் புள்ளடி போடத் தெரியாதோ? நீ பிறக்க முந்தியே போட்டவன் நான்" என்று சொல்லிவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினேன். அதற்குப் பிறகு தினமும் நாலு தடவை அந்தக் கதவைத் திறந்திருக்கிறேன், ஒரு தடவை நின்று பார்த்தேனா? பார்த்திருந்தால் முதல் கட்டம் எவ்வளவு மேலே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். நான் போட்டேன் என்று சொன்னதும் எத்தனை தரம்? ஊரில் ஒரேயொரு தரம், இருபத்தொன்பது வயதில். அடுத்த தேர்தலுக்குள் ஊரில் சண்டை மூண்டு, போடாதே என்று ஒரு பக்கம், போடு என்று மறு பக்கம், விரலில் மை இருந்தால் ஒருத்தன் அடிப்பான், மை இல்லாவிட்டால் மற்றவன் அடிப்பான். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மையைத் தேசிக்காயால் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துபோய்த் திரிந்தார், அந்த உரிந்த விரலே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றோடு நான் தேர்தல் பக்கமே போகவில்லை. இங்கே வந்து முப்பத்துநாலு வருடம், வாக்காளர் அட்டை வரும், மேசையில் கிடக்கும், பிறகு புனிதம் அதில் சந்தைக் கணக்கு எழுதுவாள்.

அப்படிப்பட்டவனுடைய மகள் தேர்தலில் நிற்கிறேன் என்று வந்தாள். அதுவும் கட்சி இல்லாமல், சுயேச்சையாக. ஹேசல்மூர் வட்டாரத்தில் இருந்த கவுன்சிலர் பாதியில் விலகிப்போக இடைத்தேர்தல் வந்தது, ஒரு இடம், நாலு பேர். எதற்கு நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் பயந்தேன். வாதம் வந்த பிறகு புனிதம் கிழமையில் மூன்று நாள் வயோதிபர் பகல் நிலையத்துக்குப் போய்வந்தாள். சின்ன வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பின்னேரம் கொண்டுவந்து இறக்கும். அங்கே தேநீர் போட்டுக் கொடுத்தவர்தான் பொலின். போன வருடம் பங்குனியில் கவுன்சில் அந்த நிலையத்தை மூடியது. அதற்குப் பிறகு புனிதம் ஜன்னலடியில் இருந்தாள். வான் வருகிற நேரத்துக்குச் சப்பாத்தைக் காட்டிப் போடச் சொல்லுவாள், போட்டுவிடுவேன், அரை மணித்தியாலம் பொறுத்துக் கழற்றிவிடுவேன். ஐப்பசியில் போய்விட்டாள். நிலையம் மூடியதால்தான் அம்மா செத்தா என்று ஆரணி சொல்லுகிறாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், வருத்தக்காரி, போகிற காலம் வந்தது, போனாள். அப்படிச் சொன்னால்தான் எனக்கு இரவில் நித்திரை வரும். அந்த ஏழு மாதமும் அவளோடு வீட்டில் தனிய இருந்தவன் நான்தானே. நான் என்ன கதைத்தேன் அவளோடு? மருந்து குடித்தாயா, சாப்பிட்டாயா. அங்கே அவளோடு நாலு பேர் கதைத்தார்கள்.

பிறகு அந்தத் துண்டுப்பிரசுரம். நான் சமையலறையில் நிற்க, அச்சகத்திலிருந்து வந்த பெட்டியைத் திறந்து ஒன்றைக் காட்டினாள். முன்பக்கத்தில் புனிதத்தின் படம். பகல் நிலையத்தில் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விருந்தில் எடுத்தது, தலையில் கடதாசிக் கிரீடம், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு. எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "செத்த மனுசியைக் காட்டி வோட்டுக் கேக்கிறியோ? வெக்கமாயில்லையோ உனக்கு?" என்று கத்தினேன். "அம்மாவைக் காட்டியில்லை அப்பா. அம்மாவுக்கு நடந்ததைக் காட்டி" என்றாள். "அந்த வாயை ஊருக்கெல்லாம் காட்ட அவ உன்னட்டைச் சொன்னவவோ? வாதம் வந்த பிறகு ஒரு படம் எடுக்க விட்டவவோ? என்ர வோட்டு உனக்கில்லை, எழுதி வைச்சுக்கொள்." அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொன்னாள். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். மூன்று கிழமையாக அந்தச் 'சரி' வீட்டுக்குள் எங்களோடு இருந்து சாப்பிட்டது. மருந்துக்கடை வேலை முடிந்து வருவாள், உடனே துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போவாள், ஈரச் சப்பாத்தோடு திரும்பி வருவாள். சோறு போட்டு மூடி வைப்பேன். சாப்பிடுவாள், கோப்பையைக் கழுவி வைப்பாள். வாக்குப் போட வருவீர்களா என்று ஒருதரம்கூட மறுபடி கேட்கவில்லை. நேற்றுக் காலை வெளிக்கிடும்போது கதவடியில் நின்று, "நாளைக்கு எண்ணுற இடத்துக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். வேற ஆள் இல்லை எனக்கு. வாறீங்களோ?" என்றாள். பார்ப்பம் என்றேன். வருகிறேன் என்று சொல்ல வாய்க்கு என்ன வந்தது?

இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அந்தப் பெண்பிள்ளை எண்ணிக்கை பிசகி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். எண்ணு அம்மா, ஆறுதலாக எண்ணு, எங்கேயாவது ஒரு ஆட்லிக் கட்டில் இருபத்துநாலு இருக்கட்டும், ஒரு ஆரணிக் கட்டில் இருபத்தாறு இருக்கட்டும். அப்படி நடந்துவிட்டால் நீல உறை அப்படியே மூடிக்கொள்ளும், நானும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்குக் கடிதத் துவாரம் சத்தம் போட்டது. ஆரணியின் ஆட்கள் யாரோ, இன்று தேர்தல் என்று ஞாபகப்படுத்தக் கடைசித் தடவையாக எல்லா வீட்டுக்கும் அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் போடுகிறார்கள், வேட்பாளரின் வீடு என்று பாராமல் இங்கேயும் போட்டுவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கால்துடைப்பானில் புனிதம் மல்லாந்து கிடந்தாள். தாண்டிப் போகவும் முடியவில்லை, குனியவும் மனம் வரவில்லை. பிறகு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், கோபத்தில் அன்றைக்கு ஒழுங்காகப் பார்க்கவேயில்லை. வாதம் வந்த நாளிலிருந்து யார் கதைத்தாலும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்ளுவாள் புனிதம். வீட்டில், என் முன்னால்கூட. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த என் முன்னால். இந்தப் படத்தில் அவள் வாயை மூடவில்லை. கோணல் வாயைப் பெரிதாகத் திறந்து, பக்கத்தில் யாரோ சொன்ன கதைக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு கையும் மடியில். அந்த இடத்தில் அவளுக்கு வெட்கம் இருக்கவில்லை. இதைத்தானே என் பிள்ளை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், எனக்கு மட்டும் விளங்கவில்லை. வயதானவர்களுக்கான பஸ் அட்டை அடையாளத்துக்குப் போதும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன், குடையை எடுத்தேன், வாசிக்கிற கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

தேவாலயத்தின் பின்மண்டபம்தான் வாக்களிப்பு நிலையம். வாசலில் போகும்போது என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன், யாரும் பார்க்கிறார்களா என்று. இந்த ஊரில் யார் பார்க்கப்போகிறார்கள்? நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் வெளியே வந்து 'குட் ஆஃப்டர்நூன்' சொன்னார். நான் மட்டும் பழைய ஒழுங்கையில் நிற்கிறவன் போலக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். மேசையில் இருந்தவர் பெயரைத் தேடி, அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறி, சீட்டைத் தந்தார். மையில்லை, விரல் சுத்தம். மறைப்புக்குள் போனால் எழுத்தெல்லாம் நீச்சலடிக்கிறது. ஆனால் கடைசி வரியில் இருந்த பெயர் தெரிந்தது, அத்தனை நீளப் பெயர் வேறு யாருக்கு இருக்கும்? என் பெயர். என் பெயரைத்தான் அவள் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பென்சிலைக் கட்டையான நூலில் வலது பக்கம் கட்டியிருந்தார்கள், இழுத்துப் பிடித்தேன். பிள்ளையாரே, என் பிள்ளை வெல்லவேணும் என்று நினைத்தேன், முப்பத்துநாலு வருடத்தில் முதல்தடவை. நினைத்தபோதே கை தன் பாட்டில் மேலே போய், வலது பக்கத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. டிப்போ அட்டையில் செய்த மாதிரி, சம்மதப் பத்திரத்தில் செய்த மாதிரி. பிறகு கீழே வந்து புள்ளடி. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தூறலில் குடையை விரிக்காமல் நடந்து வந்தேன். இரவு அவள் வந்தபோது சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வென்ற பிறகு சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஒரு சின்ன ஆசை. கெட்ட ஆசை.

சரி, ஒன்றை யோசித்துப் பார். என்னுடையதை எண்ணியிருந்தாலும் பதினான்கு, பதினான்கு. சமம். சமமானால் சீட்டுக் குலுக்குவார்களாம், பொலின் முந்தி சொன்னார். குலுக்கினால் ஆட்லிக்கும் விழலாம். ஆகவே பழியில் பாதிதான் என்னுடையது, மிச்சப் பாதி அதிர்ஷ்டத்துடையது. பாதிப் பழி என்று ஒன்று இருக்கிறதா? பாதிக் குற்றத்துக்குப் பாதிச் சிறை உண்டா? வாக்கின் இரகசியம் காக்கப்படவேண்டும், மீறினால் தண்டனை என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது, இங்கிருந்து வாசிக்க முடிகிறது. அந்தச் சீட்டு என்னுடையது என்று எழுந்து சொன்னால் என்ன செய்வார்கள்? பிடித்துக்கொண்டு போவார்களா? போகட்டும், அது பெரிய காரியமில்லை. ஆரணியைக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வாள்? மாதிரிச் சீட்டு பிறிட்ஜில ஒட்டினனான்தானே அப்பா என்பாளா? என்னுடைய வாக்கு உனக்கில்லை என்று கத்தினவன், கள்ளன் மாதிரிப் போய் வாக்கும் போட்டு, அதையும் பாழாக்கிவிட்டு வந்து நிற்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒருவேளை அவள் அந்தச் சீட்டைப் பார்க்காமலே முடிந்துவிடும். முடிந்தால் என்ன, நான் வாக்குப் போடவேயில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இனி என்னோடு இருப்பாள். அப்பா வந்து போட்டிருந்தால், அந்த ஒன்று, என்று நினைப்பாள். ஒவ்வொரு நாளும் நான் மூடி வைத்த சோற்றைத் திறக்கும்போது நினைப்பாள். எதைப் பார்த்தாலும் வெளியே போக வழியில்லை. எனக்குப் புனிதத்தின் மேல் கோபம் வந்தது, இந்த நேரத்தில் என்னை இங்கே தனிய இருக்கவிட்டுப் போனதற்கு.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். அதே ஆயிரத்துப் பதினான்கு, அதே ஆயிரத்துப் பதின்மூன்று. நிராகரித்த சீட்டுகளை இன்னொரு தரம் பார்ப்போம் என்று அதிகாரி நீல உறையைத் திறந்தார். இந்தத் தடவை ஆரணியே மேசையடிக்கு வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று யார் தூரம், ஒரு கயிறு. முதல் ஐந்தும் போயின. ஆறாவது வந்தது. அவள் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. பிடரியில் முடி கொஞ்சம் கலைந்திருந்தது, புனிதத்தின் பிடரி மாதிரியே. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்தபோது என் பக்கம் திரும்பவில்லை, திரும்பவேயில்லை என்பதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பிறகு கணீரென்ற குரலில், இங்கிலீசில், அதிகாரிக்குச் சொன்னாள். "இது வாக்கு அல்ல. இது ஒரு கடவுளின் குறி. எங்கள் மக்கள் எதை எழுதினாலும் முதலில் தாளின் மேலே இதைப் போடுவார்கள். கடிதத்தில், பரீட்சைத் தாளில், கலியாணப் பத்திரிகையில். எழுதப்போவது நல்லபடி முடியவேண்டும் என்ற வேண்டுதல். இவர் வேண்டிக்கொண்டு எனக்கு வாக்களித்திருக்கிறார். வேறு அர்த்தம் இதற்கு இல்லை." எண்ணுகிற பெண்பிள்ளைகூடத் தலை நிமிர்த்திப் பார்த்தாள். அழிறப்பரால் அழித்த பிள்ளை. எனக்குப் பெருமையா, வெட்கமா, இரண்டும்தான்.

ஆட்லி நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இருந்தாலும் சீட்டுச் செல்லாது அல்லவா? வேட்பாளருக்கு இந்தக் குறி தெரிந்திருக்கிறதே" என்றார். அதிகாரி ஆரணியைப் பார்த்தார். "இதைப் போட்டது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என் இரண்டு கையும் கதிரையைப் பிடித்துக்கொண்டன, எழும்பு, எழும்பு என்று மனம் சொல்கிறது, கால் எழும்பவில்லை. "தெரியாது" என்றாள் என் மகள். "இந்த வட்டாரத்தில் எங்கள் குடும்பங்கள் முந்நூறு இருக்கின்றன. யாராகவும் இருக்கலாம்." அதிகாரி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "உங்கள் விளக்கத்தை நம்புகிறேன். ஆனால் தாளில் இருப்பதை வைத்துத்தான் நான் தீர்மானிக்க முடியும், தாளுக்கு வெளியே ஒருவர் சொல்வதை வைத்து அல்ல. கட்டத்துக்குள் வேண்டுமென்றே இட்ட குறி. மன்னிக்கவேண்டும்." பொலின் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆரணி தலையசைத்தாள். மேடையில் ஏறி நின்று என் பெயரைத் துண்டு துண்டாக உடைத்து அறிவித்தார்கள், ஆட்லி வென்றதாகச் சொன்னார்கள், ஆரணி அவருக்குக் கைகொடுத்தாள், எல்லாருக்கும் நன்றி சொன்னாள், பகல் நிலையத்தைப் பற்றி ஒரு வசனம் சொன்னாள், இறங்கினாள். அழவில்லை. வாசலில் நாலைந்து பேர் அவளைக் கட்டிப்பிடித்தார்கள், அப்போதும் அழவில்லை.

நான் முந்தியே வெளியே வந்து நீச்சல் குளத்துக்குப் போகும் நடைவழி ஓடையில், சுவரோரத்து நீள வாங்கில் இருந்தேன். அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த வேட்பாளர் அட்டையைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். குளித்து முடித்த பிள்ளைகள் ஈரத்தலையோடு வரிசையாக எங்களைக் கடந்து போனார்கள்.

"பிள்ளை, நான்..." என்று தொடங்கினேன்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ அப்பா. சொல்லக்கூடாது."

சரி என்றேன். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்னேரம் போனனீங்கள்?"

"மூண்டரைக்கு."

"தனியவோ?"

"தனியத்தான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.